கோடில்லாத குழி

ஒன்பது வருஷமாகக் கரும்பலகையில்
ஒரே மண்ணைத்தான் வெட்டிக் காட்டினேன்.
மேலே பழுப்புச் சாக்பீஸ், நடுவில் சிவப்பு, அடியில் மஞ்சள்,
இடையில் இரண்டு கோடு.

சென்ற ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும்போது
இரண்டாவது கோடு வலப்பக்கம் சற்றே இறங்கியிருந்தது.
அடுத்த தாளிலும் இறங்கியிருந்தது.
நாற்பத்தொரு தாளிலும், அதே இடத்தில்.
யோசித்துப் பார்த்தேன்:
அன்று சாக்பீஸ் முறிந்தது.
என் கை சறுக்கிய இடத்தில்
நாற்பத்தொரு கைகள் கவனமாகச் சறுக்கி
ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தன.
போட்டவளும் நான்தான்.

இந்த வருஷம் எருத்தேம்பதிக்குப் பஸ் கேட்டேன்.
'நோக்கம்' என்ற கட்டத்தில் 'குழி' என்று எழுதினேன்.
அலுவலகம் திருப்பி அனுப்பியது.
'களப்பயணம்' என்று எழுதியதும் கையெழுத்தானது,
டீசலுக்கு மட்டும்.

தோட்டக்காரர் ஆரோக்கியசாமிக்கு நிபந்தனை இரண்டு:
தென்னை வேரில் கடப்பாரை படக்கூடாது.
இருட்டுமுன் மூடிவிட வேண்டும், மாடு விழும்.
அதற்குமேல் மண்ணைப் பற்றி
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மோட்டார் போடப் போய்விட்டார்.

ஒன்றரை மீட்டர் ஆழம்.
மலப்புறத்து நஸ்ரின் இறங்கி
சுவரை மேலிருந்து கீழாக மூன்று முறை தடவினாள்.
அவள் ஊரில் செம்புறாங்கல்லை வெட்டி வீடே கட்டுவார்கள்.
"வர எவிடெ, டீச்சரே?"
கோடு எங்கே.

கோடு இல்லை.
மேலும் கறுப்பு, கீழும் கறுப்பு.
கோடையில் இந்தக் கரிசல் வாய் பிளக்கும்,
மேல்மண் அந்த வாய்க்குள் உதிரும்,
மழையில் உப்பும், புரளும்,
தன்னையே உழுதுகொள்ளும்.
எது மேல் எது கீழ் என்று
அதனிடம் கேட்டுப் பிரயோசனமில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும்.
இதில்தான் முனைவர் பட்டம் வாங்கினேன்.
பலகையில் வரையத் தோதுப்படவில்லை,
விட்டுவிட்டேன்.

அனகா ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து
கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளினாள்.
ஏழு சென்டிமீட்டர் வரை அறவில்லை. களிமண் என்றாள்.
விபின்லாலின் நாடா மூன்றிலேயே அறுந்தது.
களிக்கலப்பு என்றான்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் தென்னையைப் பார்த்தேன்.
தண்ணீர் போதவில்லை என்று அவர்களே கண்டுபிடிக்கப்
பதினெட்டு நிமிஷம் ஆனது.
வகுப்பறையில் அந்தப் பதினெட்டு நிமிஷத்தில்
இருபது ஸ்லைடு ஓட்டியிருப்பேன்.

முழங்கால் ஆழத்தில் சுக்கான் உருண்டைகள்.
அமிலச் சொட்டு விழுந்ததும் நுரைத்தன.
யாரோ கைதட்டினார்கள், திருமண வீட்டில்போல.

அருள்தாஸ் வேலந்தாவளத்துப் பையன்,
அரியர் இரண்டு, கடைசி பெஞ்சு.
குழியின் மூலையில் குந்தியிருந்தவன் கூப்பிட்டான்:
"டீச்சர், இங்க மண்ணும் மண்ணும் ஒரசி
மெருகேறிக் கெடக்கு. சாய்வா.
செல்போன் கண்ணாடி மாதிரி."
அதற்கொரு கலைச்சொல் உண்டு.
வாய் வரை வந்தது.
மற்ற நாற்பது பேரும் ஒவ்வொருவராய் வந்து
விரல் வைத்துப் பார்க்கும்வரை
பல்லுக்குப் பின்னால் பிடித்து வைத்திருந்தேன்.

தேர்வில் ஒரே கேள்வி: குழியில் கண்டதை எழுது.
'தெரியவில்லை' என்பதற்கும் இரண்டு மதிப்பெண்,
எது தெரியவில்லை என்று சொன்னால்.
பாடத்திட்டக் குழு கேட்டிருக்கிறது:
விடைக்குறிப்பு எங்கே?
பதில் கடிதம் மேசையில் கிடக்கிறது,
பாதி எழுதியபடி.

அன்று மாலை குழியை மூடினோம்.
மிதித்தோம், திமிசு போட்டோம்.
எடுத்த மண் திரும்ப அடங்கவில்லை.
மிச்சத்தைச் சோற்று டப்பாக்களில் அள்ளிப்போனார்கள்.
விடுதிக் குளியலறை அடைத்துக்கொண்டதாக
வார்டன் புகார் எழுதியிருக்கிறார், என் பெயர் போட்டு.
அதை மட்டும்
பத்திரமாகக் கோப்பில் வைத்திருக்கிறேன்.